கடற்பஞ்சு மருந்து

அந்தப் பொங்கலுக்கு மணலூர்பேட்டைக்கு வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்போது கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை அப்பாவிடம் காட்டிப் பெருமையடித்தேன். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் வளையமாகச் சுத்தமாக இருந்தது.

"இது ஐஸ் மெதக்குற கடல்லேர்ந்து கப்பல்ல வந்த கடற்பஞ்சுப்பா. உசுருள்ள பிராணி. அதால ஓட முடியாது, ஓடு கெடையாது, பல்லும் கெடையாது. உள்ள குடியிருக்கிற பாக்டீரியாதான் அத்த காப்பாத்துது. அதுல ஒண்ணுதான் நடுவுல இருக்குற பொட்டு, மத்த கிருமிய கிட்ட சேக்கல பாரு."

"புண்ணுக்குப் போடலாமா?" என்று அப்பா கேட்டார்.

கரும்பு வெட்டுகிறவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? போடலாம் என்றேன்.

அந்த வளையம் மறுபடி வரவேயில்லை. பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. அந்த ஒன்றை மட்டும் தனியே பிரித்து வளர்த்ததும், அது மற்ற கிருமியைக் கொல்லும் பொருளைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது. நாலு டிகிரி குளிரில் வைத்து, ஒரு புள்ளி கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். வெட்கத்தில் வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா போனில் விசாரித்தால், "போய்க்கினுதான் இருக்குதுப்பா" என்பேன்.

பங்குனியில் அவர் உள்ளங்காலில், விரலடியில், வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்தியது. அவருக்கு நீரிழிவு வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். "பொண்ணு மருந்து கொணாரும். அதுக்கு வேல கெடும், போன்ல சொல்லாத" என்று மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பொறுக்க மாட்டாமல் சொன்ன அன்றே கிளம்பினேன்.

வாசலிலேயே நாற்றம் அடித்தது. பாதம் கறுத்துப் போயிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"கொணாந்தியாம்மா?"

ஆட்டோ கூப்பிட ஓடினேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "முன்னாடியே வந்திருந்தா விரலோட போயிருக்கும். இன்னாத்துக்கு இவ்ளோ நாள் வச்சிக்கினு இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஆறிடும்னு நெனச்சேங்க" என்றார் அப்பா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான்காம் நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கட்டிலில் நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் காலில் புண். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க. எம்பொண்ணு கடல்லேர்ந்து மருந்து எடுத்துக்கினு இருக்குது. எனக்குத்தான் நேரத்துக்கு வரல. உங்களுக்கு வந்துடும்."

நைனார்பாளையத்துக்காரர் என்னைப் பார்த்தார். அவர் மனைவி ஒப்புதல் தாளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் அவர் கட்டிலருகே போனேன்.

"அப்படி மருந்து இல்லீங்க. ஒரு தபா வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல. இனிமே வருமான்னும் தெரியாது. கையெழுத்த இப்பவே போடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையை இழுத்து இல்லாத பாதம்வரை மூடிக்கொண்டார்.

"எப்பலேர்ந்தும்மா வரல?"

"தை கடைசிலேர்ந்துப்பா" என்றேன்.