யாருக்காவது குச்சி கொடுத்தீங்களா, சார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் மூன்று வீடுகளின் கதவைத் தட்டி, என் கையால் கொடுத்த செடிகளைத் திருப்பிக் கேட்டேன்.

இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாலே முகம் சுருங்கும். செடியைக் கேட்டால்?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு இதே பத்தியில், ஜலதோஷ வைரஸை ஆன்டிபயாடிக் மாத்திரை துவம்சம் செய்துவிடும் என்று எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸைத் தொடக்கூடத் தொடாது என்று வரிசையாகக் கடிதங்கள் வந்தன. 'முதலில் நீங்கள் படிக்கப் போங்கள்' என்று ஒருவர்.

போனேன்! திருச்சியில் ஒரு கல்லூரியில், ஞாயிறுதோறும் அறிவியல் எழுத்துப் பயிற்சி. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள் – வாத்தியார் என்று நினைத்து. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் உட்கார்ந்தார்கள்.

அங்கே ஒரு ஏற்பாடு. இரண்டிரண்டு பேராகக் கட்டுரையை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர் கருத்து எழுத வேண்டும். பென்சிலில் மட்டும். எனக்கு ஜோடி மலர்விழி. தாவரவியல் இரண்டாம் வருஷம். ஊர் பச்சைமலை மேலே. அப்பா குச்சிக்கிழங்கு போடுகிறார் – அதாவது நம்ம மரவள்ளி.

அந்தக் கிழங்குச் செடியைப் பிடிக்கிற தேமல் வைரஸைப் பற்றித்தான் அவள் கட்டுரை. இரண்டே பக்கம். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும், கிழங்கு சிறுத்துப்போகும், வெள்ளை ஈ பரப்பும்... நோய் வந்த செடியில் குச்சி வெட்டி நட்டால் நோயும் சேர்ந்தே முளைக்கும். எல்லாம் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்தால் எழுத்தாளனுக்குக் கை சும்மா இருக்குமா?

இருபத்தேழு குறிப்புகள் எழுதினேன். 'வைரஸை வில்லனாக்கு.' 'வெள்ளை ஈக்கு ஒரு வசனம் கொடுக்கலாமே?' 'ஆரம்பத்தில் ஒரு மழை வேண்டும்.' கடைசி வரி, 'திட்டு விழுந்த செடியிலிருந்து குச்சி வாங்காதீர்கள்' என்று இருந்தது. அதன் மேல் நீளமாக ஒரு கோடு.

மலர்விழி பொறுமையாகப் படித்தாள்.

"கடைசி வரியை ஏன் சார் அடிச்சீங்க?"

"அறிவுரை மாதிரி இருக்கும்மா."

"அறிவுரைதான் சார்."

கட்டுரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வாரத்துல நடவு சார். வருஷா வருஷம் சித்தப்பா காட்டுலேர்ந்துதான் எங்களுக்குக் குச்சி வரும். இந்தத் தடவை அவரு செடியெல்லாம் திட்டுத் திட்டா இருக்கு. அப்பாகிட்ட சொன்னா, 'தம்பி கொடுக்கிறத வேணாங்கவா? நாளைக்கு மூஞ்சியில முழிக்க வேணாமா?'ங்கிறாரு. நட்டுட்டா ஒரு வருஷ வெள்ளாமை போச்சு. நான் வாயால சொன்னா எடுபடாது. எழுத்துல இருந்தா படிப்பாருன்னுதான் எழுதினேன்."

நானோ ஈக்கு வசனம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

பேச்சை மாற்ற, "என் கட்டுரைக்கு நீ என்னம்மா எழுதியிருக்கே?" என்றேன்.

என் கட்டுரை, 'மாடித் தோட்டத்து அழகி'. தொட்டியில் நான் வளர்க்கிற மரவள்ளியைப் பற்றி. மஞ்சளும் பச்சையும் கலந்த இலை, பட்டுப் புடவை தோற்றது போங்கள் என்றெல்லாம் உருகி, போட்டோவும் ஒட்டியிருந்தேன். அவள் கட்டுரையைப் படித்து இருபத்தேழு குறிப்புகள் எழுதியவனுக்கு இது உறைக்கவே இல்லை, பாருங்கள்.

அவள் ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

'இந்தச் செடியிலிருந்து யாருக்காவது குச்சி கொடுத்தீங்களா, சார்?'

கொடுத்தேனே! மூன்று வீட்டுக்கு. வெற்றிலை பாக்கு மட்டும்தான் வைக்கவில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சாயங்காலமே கிளம்பிவிட்டேன். முதலில் எதிர்வீட்டு ரங்கநாயகி மாமி.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறேளே, நன்னாயிருக்கா?"

"செடிக்கு வியாதி மாமி. தொத்து வியாதி."

"வியாதிச் செடியையா எனக்குக் கொடுத்தேள்?"

"அழகுன்னு நெனச்சேன் மாமி..."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க அந்தக் கிழங்கைச் சாப்பிட்டா?"

"மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல இருக்கிற கிழங்குச் செடிக்குத்தான்."

பாதி மனசோடு கொடுத்தார். இரண்டாவது வீட்டிலும் இதே விசாரணை. மூன்றாவது வீட்டில் நான் உஷார். வாசலிலேயே, "சார், தப்பு என்னோடது. நான் கொடுத்த குச்சி சரியில்லை. நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன். அவரே பிடுங்கிக் கொடுத்து, காபியும் கொடுத்தார்.

அந்தக் காபி பாதி இறங்கும்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. வாங்குகிறவர் 'வேண்டாம்' என்றால் சண்டை. கொடுத்தவரே 'வேண்டாம்' என்றால்?

உடனே மலர்விழிக்குப் போன். "அந்தக் கடைசி வரி இருக்கட்டும்மா. ஆனா 'வாங்காதீர்கள்' வேண்டாம், 'கொடுக்காதீர்கள்'னு போடு. அப்பாவுக்கு எழுதாதே. சித்தப்பாவுக்கு எழுது."

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே சார்" என்றாள்.

புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். கட்டுரையைச் சித்தப்பாவிடம் கொடுத்தாளாம். இரண்டு தடவை படித்துவிட்டு, நேராக அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "அண்ணே, இந்த வருஷம் என் குச்சி ஒனக்கு வேணாம். எனக்கே வேணாம். ரெண்டு பேருமாப் போயி வேற எடத்துல நல்ல குச்சியா பாத்து வாங்கிட்டு வருவோம்."

"அப்பா என்னம்மா சொன்னார்?"

"'நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்'னாரு சார்!" விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் எழுதிய இருபத்தேழு குறிப்புகளையும் ரப்பரால் அழித்துவிட்டாளாம். எழுதாத இருபத்தெட்டாவதுதான் தேறியது. பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று அவர்கள் சொன்னதன் மகிமை இப்போதுதான் புரிகிறது!

பச்சைமலையில் எல்லாம் சுபம். எங்கள் தெருவில்தான் நிலைமை சரியில்லை... நேற்று நான் தெருவில் இறங்கியதைப் பார்த்ததும், ரங்கநாயகி மாமி வாசலில் இருந்த துளசித் தொட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.