பெஞ்சில் காத்திருந்த ஐந்து பேர்

காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த கையோடு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். தரப் பரிசோதனை வேலை. "பதினோராயிரம். வெளியில யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று வேலைக்கான கடிதத்தைக் கொடுத்தார் அதிகாரி. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதே வேலைக்குத் தேர்வாகியிருந்த வகுப்புத் தோழன் இம்ரான் வாசலில் நின்றான். அவனுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "எனக்குப் பதினாலு" என்றான். மார்க்கில் அவன் எனக்குக் கீழே.

நேராகத் திரும்பிப் போய் அதிகாரியிடம் கேட்டேன்.

"அவன் ஆம்பள. குடும்பத்தைப் பாக்கணும் இல்ல?"

"எங்க வீட்லயும் நான்தான் சார் பாக்கணும். ஒரே வேலைக்கு எனக்கு மட்டும் ஏன் கம்மி?"

"இஷ்டம் இருந்தா சேரு."

கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்து, வெளியே பெஞ்சில் காத்திருந்த ஐந்து பெண்களிடமும் சத்தமாகச் சொன்னேன். "உள்ள ஆம்பளைங்களுக்குப் பதினாலாயிரம் தர்றாங்க. அதுக்குக் கம்மியா ஒத்துக்காதீங்க."

அவர்களில் மூன்று பேர் பதினாலாயிரத்துக்கே சேர்ந்ததாக இம்ரான் பிறகு சொன்னான். எனக்கு அந்த வேலை இல்லை. இரண்டு மாதம் அலைந்து ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன்.

இங்கும் சம்பளத்தை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வரும் பெண்கள் கேட்டால் சொல்லிவிடுகிறேன். அதை மறைப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.