நவமணி நிரப்பிய கட்டம்

நவமணிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காய்கறிக்காரன் வலிய வந்து ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு கொடுத்தால், வாங்கிய தக்காளியைக் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். ஈப்போ புந்தோங்கில் முறுக்கும் கடலையும் பொட்டலம் போடும் பட்டறையில் இருபது வருஷ வேலை. அங்கே அவளுக்கு 'சி.ஐ.டி. அக்கா' என்று பேர். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. ஏமாளி என்று பேர் வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்தக் குணம் சும்மா வந்ததல்ல. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது. கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்து மருந்து எடுப்பார்கள். லயத்தில் குடியிருந்த கூலிக்காரர் பிள்ளைகளுக்குக் காய்ச்சலானாலும் வயிற்றுப்போக்கானாலும் ஒரே சிவப்புத் தண்ணீர்தான். அவளுடைய தம்பி அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்தே மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். மருந்து இருக்கும், ஆனால் ஆள் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பது ஒன்பது வயதிலேயே அவள் மனதில் ஏறிவிட்டது. பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். அந்தப் பாடம் மட்டும் அவளோடு ஈப்போவுக்குக் குடிவந்தது.

அவள் கணவன் மகேந்திரன் லாரி ஓட்டியவன். இனிப்பு நீர் வியாதி முதலில் அவன் கண்ணைக் கெடுத்தது, அப்புறம் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றது. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் ரத்தம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். தனியார் நிலையத்துக்கு அவர்களால் முடியாது. குனோங் ராபாட்டில் ஒரு சர்ச் நடத்தும் நிலையம் இருக்கிறது, ஏழைகளுக்குக் குறைந்த கட்டணம்தான் என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி சொன்னாள். சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை.

"மலாய்க்காரங்களுக்கு சக்காத் பணம் இருக்கு. கவர்மெண்ட்ல வேல பாத்தவங்களுக்குப் பென்சன் கார்டு இருக்கு. சர்ச்சுக்காரங்களுக்கு சர்ச் இருக்கு. நமக்கு யாருலா இருக்கா? கோயில்ல அன்னதானம் போடுவாங்க, ரத்தமா கழுவி விடுவாங்க? அங்க அவங்க ஆளுங்களுக்குத்தான் மொதல்ல ரத்தம் கழுவுற நாக்காலின்னு பேசிக்கிறாங்க. பாத்து எழுது."

நிலையத்தில் கொடுத்த போராங் என்ற விண்ணப்பத் தாளில் பேர், வயது, விலாசம் எல்லாம் சரியாகத்தான் நிரப்பினாள். மதத்தைக் கேட்கும் 'அகாமா' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. எதற்கு இதைக் கேட்கிறார்கள்? சிறுநீரகத்துக்கு ஏது மதம்? பூட்டிய அலமாரிக்கு இதுதான் சாவி என்று அவளுக்குப் பட்டது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் 'கிறிஸ்தியான்' என்று எழுதினாள். கண் சரியாகத் தெரியாத மகேந்திரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனிடம் அவள் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள். பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முதல் ரத்தம் கழுவும் நாளில் நிலையத்து வாசலுக்கு வந்ததும் கணவனின் நெற்றித் திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவாள். மணிக்கட்டுக் கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பர்ஸில் போடுவாள்.

"ஏன் தொடைக்கிற?" என்று அவன் கேட்டான்.

"உள்ள சுத்தமா இருக்கணுமாம். பேசாம வாங்க."

உள்ளே பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருக்கும் என்று நவமணி முடிவு செய்தாள்.

அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிறவள் மாதுமை. முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சில் யாழ்ப்பாண வாடை கொஞ்சம் அடிக்கும். தோட்டத்துக் கிராணி வீட்டிலும் அதே பேச்சுத்தான் என்பதால் முதல் நாளே நவமணிக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், வாழைப்பழம் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் மாதுமை சொன்னாள். நவமணி அதைச் சொன்னபடி கேட்டாள். வீட்டில் பழம் வாங்குவதையே நிறுத்தினாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாதுமை கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள், ஆனால் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. திருநீற்றுப் பெரியவருக்குக் கொடுத்தாள். ஜன்னலோரத்து அம்மாவுக்குக் கொடுத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். சீனக் கிழவரைத் தாண்டிப் போனாள். மகேந்திரனிடம் வந்தாள், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

நவமணி கவனித்தாள், தாள் வாங்கியவர்கள் எல்லாருமே கோயிலுக்குப் போகிறவர்கள். ஆள் கழிக்கிறார்கள்! அடுத்த மாதத்திலிருந்து வேறு இடம் பாருங்கள் என்று எழுதியிருக்கும். பெரியவர் அந்தத் தாளைப் படித்து முகத்தைச் சுளித்ததையும் கண்ணாலேயே பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்மள விட்டுட்டாங்க. தப்பிச்சோம்," என்று கணவன் காதில் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தைப்பூசத்தன்று குனோங் சீரோ கோயிலுக்கு அவனுக்காகப் பால்குடம் எடுத்தாள். வெயிலில் நின்று களைத்திருந்தவனுக்குத் தொன்னை நிறையப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தாள்.

"வாழப்பழம் ஆகாதுன்னாங்களே நவம்," என்றான்.

"இது பிரசாதம்லா. சாமி குடுக்குறது கெடுதல் பண்ணுமா? சாப்புடுங்க."

அவளே ஊட்டினாள். உடம்புச் சூட்டுக்கு இளநீர் நல்லது, தண்ணீர்க் கணக்கில் சேராது என்று இரண்டு இளநீரும் வெட்டிக் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் ஆசையாகக் குடித்தான். மறுநாள் காலை எழுந்து கழிவறைக்குப் போனவன் கதவருகிலேயே விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். உடம்பில் பொட்டாசியம் ஏறி இருதயத்தை நிறுத்திவிட்டது என்றார்.

துக்கத்துக்கு மாதுமை வந்தாள். திகைத்த முகத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். மகேந்திரனின் நெற்றி நிறையத் திருநீறு, தலைமாட்டில் குத்துவிளக்கு, சுவரில் முருகன் படம்.

"நீங்கள் கிறிஸ்தவர்கள் என்றுதானே எழுதினீர்கள், அம்மா?" என்று மெல்லக் கேட்டாள். மாதுமை கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். எடுத்தவளின் கண் கலங்கியிருந்தது. "தைப்பூசத்துக்கு முன்னால் எல்லா இந்துக்களுக்கும் இதைக் கொடுத்தனான். யாருக்கு எப்போது விரதம், எப்போது பிரசாதம் என்று தெரியத்தான் அந்தக் கட்டம். வேறொன்றுக்கும் இல்லை. இடம் வரிசைப்படிதான்."

'பிரசாதம் என்றாலும் பஞ்சாமிர்தம் வேண்டாம். இளநீர் ஒரு மடக்குக்கூட வேண்டாம்.' தாளில் முதல் இரண்டு வரியே அதுதான். நவமணி அதைப் படித்தாள். தம்பியைக் கொன்ற சிவப்புத் தண்ணீரை யாரோ கொடுத்தார்கள். இதை அவளே ஊட்டியிருந்தாள். ஐயோ என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, நாற்காலியில் விட்டு வந்த போர்வையை வாங்க நிலையத்துக்குப் போனாள். அந்த நாற்காலிக்குப் புது ஆள் வந்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். மகேந்திரனுக்கும் அப்படித்தான், ஒருவர் இறந்து காலியான இடம் கிடைத்திருந்தது. வெளியே பெஞ்சில் தினேஸ்வரி என்ற இளம்பெண் வீங்கிய காலோடு இருந்த அப்பாவை உட்கார வைத்துவிட்டுப் போராங் நிரப்பிக்கொண்டிருந்தாள். நவமணி பக்கத்தில் உட்கார்ந்ததும் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த அகாமா கட்டத்துல என்னா போடணும்? கிறிஸ்தியான்னு போட்டாத்தான் எடம் கெடைக்கும்னு சொல்றாங்களே."

"நானும் அப்படித்தான் போட்டேன்மா."

தினேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "எடம் கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு. இதோ, அவரு போர்வைய வாங்கிட்டுப் போறேன்." நவமணி போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். "உள்ளத எழுது, தாயி. அது சாப்பாட்டுக்காகக் கேக்குறதுலா."

தினேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். போராங்கைத் தன் பக்கம் இழுத்து, கையால் மறைத்துக்கொண்டாள். நவமணி பர்ஸைத் திறந்தாள். கறுப்புக் கயிற்றோடு மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

"நீ என்னா வேணா எழுதிக்க. இத மட்டும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு."

தினேஸ்வரி வாங்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் குடுக்குறீங்க?" என்றாள்.