துருவா, துரிசா

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் மருந்து கலக்குவது என் வேலை. துரிசு மயில்கழுத்து நிறத்தில் கட்டி கட்டியாக வரும். உள்ளே இருப்பது செம்பு என்று பார்த்தால் தெரியாது. மழைக்கு முன்னால் செடி அழுகாமலிருக்க, அதைக் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றி அடிப்போம். சுண்ணாம்பு குறைந்தால் அதே மருந்து இலையைப் பொசுக்கிவிடும்.

போன வருஷம் பொசுக்கியது. சுண்ணாம்பை மிச்சம் பிடிக்கச் சொன்னவர் சூப்பர்வைசர். மேலே போய் அவர் சொன்னதோ, பொம்பளைகள் கலக்கியது சரியில்லை என்று. என்னோடு கலக்கிய இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். என்னை ஏனோ விட்டுவைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இந்த வருஷமும் சுண்ணாம்பு குறைவாகவே வந்தது. கலக்கியதும், அரிவாளைப் பளிச்சென்று தேய்த்து மருந்தில் சற்று நேரம் முக்கி எடுத்தேன். சுண்ணாம்பு போதாத மருந்தில், இரும்பைக் கண்டால் செம்பு தண்ணீரை விட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். சுரங்கங்களிலும் செம்பு கலந்த தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பு பிடிப்பார்களாம். அலகு சிவந்திருந்தது.

"இதை அடிக்க முடியாது சார். சுண்ணாம்பு பத்தல."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "அரிவா துருப்பிடிச்சிருக்கு. அதுக்குப் போயி உயிர எடுக்காத."

"துருவா துரிசான்னு எனக்குத் தெரியாதா சார்? வருசக்கணக்கா இதுலதான கெடக்கேன்." முந்தானையால் அலகைத் தேய்த்தேன். பழுப்புப் பொடி உதிரவில்லை. புதுச் செம்பாகப் பளபளத்தது.

"இஷ்டமில்லன்னா நாளையிலருந்து வராத."

பயந்துதான் போனேன். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. ஆனாலும் மருந்து டிரம்மை மூடி, மூடிமேல் ஏறி உட்கார்ந்தேன். "இல பொசுங்குனா நீங்கதான் பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. எறங்குதேன்."

மருந்தடிக்க நின்ற ஆட்கள் ஹோஸைக் கீழே போட்டார்கள். சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போன் போட்டார். "சுண்ணாம்பு இன்னும் ரெண்டு மூட்ட வேணும். நான்தான் சோதிச்சுப் பாத்தேன்" என்றார்.

நான் இறங்கவில்லை. மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"போன வருசமும் சுண்ணாம்பு பத்தாமத்தான் பொசுங்குச்சுன்னு சொல்லுங்க சார். அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க."