நான் ஊற்றாத உரம்

என் சித்தி மகள் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒருத்தி துணியை ஒருத்தி உடுத்தினோம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பிக்கலாம் என்று அவள் வந்து நின்றபோது நான் உடனே சரி என்றதற்கு அந்தப் பாசம் மட்டும் காரணமில்லை. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பரீட்சைக்காக இல்லாமல், தங்கள் செடி பிழைக்க வேண்டும் என்பதற்காக நாலு பேர் நான் சொல்வதைக் கேட்டால் நன்றாயிருக்குமே என்ற ஆசை எனக்கும் இருந்தது.

"நீ செடியப் பாத்துக்கக்கா. பேசுறத நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அது எனக்கு வசதியாகவே இருந்தது. கேமராவைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளோ பஸ் ஸ்டாப்பில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட ஐந்து நிமிடத்தில் குடும்பக் கதையை வாங்கிவிடுவாள்.

நான் குடியிருப்பது வில்லாபுரத்தில், மாடியில். கத்திரி வெயிலில் சாயங்காலம் சுவரைத் தொட்டால் சுடும். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. எங்கள் சேனலைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள்தான். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வி. அழகர்கோவில் சாலை நர்சரியில் பளபளவென்று இருந்த செடி, வீட்டுக்கு வந்ததும் நுனி கருகிப்போகிறதே, என்ன உரம் போடுவது?

எனக்கும் அது நடந்துகொண்டிருந்தது. படுக்கையறையில் ஏசிக்கு எதிரே ஒரு கலாத்தியா வைத்திருந்தேன். கோடு கோடாய் அழகான இலைகள். முதலில் நுனி பழுப்பானது, பிறகு ஓரமெல்லாம் காகிதம்போல் மொறுமொறுத்தது. சத்துக் குறைவு என்று நினைத்து நானும் உரம் போட்டேன். இன்னும் மோசமானது. ஒருநாள் தொட்டியைக் குனிந்து பார்த்தபோது மண்ணின்மேல் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. நான் போட்ட உரம் அப்படியே அங்கே கிடந்தது. செடி அதைத் தொடவேயில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அறைக்கு அறை வைத்துப் பார்த்தேன். இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகப் போகத்தான் கீழேயிருந்து வேர் நீரை இழுக்கும். சத்து அந்த நீரில் கரைந்துதான் மேலே ஏறும். ஏசிக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. இலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துளைகளை மூடிக்கொள்கிறது. இழுப்பு நின்றுபோகிறது. ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடக்கும் வேரும் மந்தமாகிவிடுகிறது. பக்கத்து அறையில் ஏசி கிடையாது. அங்கே வெயில் கூடிய மத்தியானங்களில் வறண்ட சூட்டுக்கே இலைகள் துளைகளை மூடிக்கொண்டன.

அவள் வீட்டில் இதற்கு நேர் எதிரான கதை. மூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் சின்னச் செடிகள் வைத்திருந்தாள். உள்ளே எந்நேரமும் ஈரம், கண்ணாடியில் முத்து முத்தாய் நீர். ஆனால் புதிதாய் வரும் தளிர் சுருண்டு, ஓரம் கருகியே வந்தது. காற்றில் அம்புட்டு ஈரம் இருந்தால் இலையிலிருந்து நீர் வெளியேறாது. நீர் ஏறாவிட்டால் தளிருக்குப் போக வேண்டிய கால்சியமும் ஏறாது. இரண்டு வீட்டுச் செடிகளும் பட்டினி கிடந்தன, சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே.

கலாத்தியாவை ஏசியிலிருந்து தூக்கி, ஹாலில் கிழக்கு ஜன்னலோரம் மற்றச் செடிகளோடு நெருக்கி வைத்தேன். மண்ணிலிருந்த உப்பு கழுவிப் போகும்படி நீரை ஊற்றி வடியவிட்டேன். உரத்தை அடியோடு நிறுத்தினேன். சில வாரங்களில் புது இலை ஒன்று சுருள் பிரிந்தது. ஓரத்தில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. சந்தோஷத்தில் காலேஜுக்குத் தாமதமாகப் போனேன். முன்னால் எடுத்த படங்களையும் பின்னால் எடுத்த படங்களையும் அவளுக்கு அனுப்பி, என்ன சொல்ல வேண்டும் என்று போனில் விளக்கினேன். உரத்தைக் கீழே வையுங்கள், முதலில் காற்றைக் கவனியுங்கள். அவ்வளவுதான் செய்தி.

"சூப்பர்க்கா. எடிட்டிங் முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள்.

அப்புறம் பரீட்சை, விடைத்தாள் திருத்தும் வேலை என்று நான் மூழ்கிப்போனேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். ஒரு கையில் தொட்டி, இன்னொரு கையில் பச்சை நிறத்தில் ஒரு திரவ உர பாட்டில். தொட்டியில் இருந்த பீஸ் லில்லி துவண்டு கிடந்தது.

"டீச்சர், நீங்க ஊத்துற அதே மருந்தத்தான் ஊத்துனேன். ஒங்களுக்கு மட்டும் எப்டி அப்டித் தளதளன்னு வருது?"

"நான் எந்த மருந்தும் ஊத்துறதில்லையேம்மா."

"என்ன டீச்சர் இப்டிச் சொல்றீங்க? ஒங்க தங்கச்சிதான வீடியோல சொல்லுச்சு."

அவருடைய போனிலேயே பார்த்தேன். என் கலாத்தியா, என் ஜன்னல், என் திரைச்சீலை. தொட்டியைப் பிடித்திருந்த விரல்கள்கூட என்னுடையவை. கருகிய இலை வந்தது, அடுத்து அந்த பாட்டில் வந்தது, அதற்கடுத்து என் புது இலை வந்தது. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கக்கா காலேஜ்ல பாட்டனி டீச்சர். அவங்க வீட்ல இதத்தான் ஊத்துறாங்க. நுனி கருகலா? வாரம் ஒரு மூடி, அம்புட்டுத்தான்."

படங்களை எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் சொல்லாததை என் வாயில் வைத்திருந்தாள். நான் கண்டுபிடித்ததற்கு நேர் எதிரானதை என் பெயரில் விற்றிருந்தாள். வீட்டுக்காரம்மாவின் தொட்டியிலும் வெள்ளை உப்பு பூத்திருந்தது. விசாரித்தால், அவருடைய செடியும் ஏசிக்கு எதிரேதான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். காபி கலந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"கோவப்படாதக்கா. ஏசிக்கு நேரா வைக்காதீங்க, தொட்டிய நெருக்கி வைங்கன்னு சொன்னா எவன் பாப்பான்? ஜனங்களுக்குக் கையில வாங்குறாப்ல ஒண்ணு வேணும்."

"அந்தச் செடி உரத்த நிறுத்துனதாலதான் பொழச்சுது. ஒனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும்க்கா. நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலயே."

தெரியாமல் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், உட்கார வைத்துப் புரியவைத்திருப்பேன். தெரியும் என்றவளிடம் என்ன பேசுவது? வீடியோவை எடுத்துவிடு என்றேன். பாட்டில் கம்பெனிக்காரர்களிடம் பேசி ஒத்துக்கொண்டாகிவிட்டது, முடியாது என்றாள். சித்தி உள்ளேயிருந்து வந்து, "விடும்மா, நம்ம புள்ளதான முன்னுக்கு வருது" என்றார். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அந்த வீடியோவின் கீழே உண்மையை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதைக் காணோம். மறுபடி எழுதப் பார்த்தபோது என்னால் எழுத முடியவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து பெயர் வைத்த சேனலில் என்னையே தடுத்து வைத்திருந்தாள். வகுப்பில் ஒரு மாணவி, "மேம், அந்த பாட்டில் நெசமாவே நல்லதா?" என்று கேட்டாள். அன்று பாடத்தை ஓரமாய் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்கள் அந்த வகுப்பறை அளவுதான். வீட்டுக்காரம்மாவின் லில்லியைக் கழுவி, ஏசியிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தோம். வேர் அழுகிப் போயிருந்தது. அது பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பார்த்தது அழகர்கோவிலில், சொந்தக்காரப் பிள்ளையின் காதுகுத்தில். பந்தியில் அவளே என் இலைக்குச் சாம்பார் ஊற்றினாள். "சாப்புடுக்கா" என்றாள், ஒன்றும் நடக்காததுபோல. எதிர்வரிசையில் இருந்த அத்தை ஒருவர், "ஏத்தா, ஒனக்கு அந்தச் செடி மருந்து சும்மா குடுக்குறாங்களாமே. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்" என்று என்னிடம் கேட்டார்.

"நான் அத ஒருநாளும் ஊத்துனதில்ல அத்தை. அது பொய்."

சாம்பார் வாளியோடு நின்றிருந்த அவள் என் தோளில் கைபோட்டுச் சிரித்தாள். "எங்கக்கா எப்பவுமே இப்டித்தான் அத்தை. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு வெளையாடும்."

அத்தை சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். வெயில் ஏறிவிட்டது, பாயசம் எங்கே என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் கை இன்னும் என் தோளிலேயே இருந்தது. சின்ன வயதில் தெருவில் நடந்துபோகும்போது எப்படிப் போடுவாளோ அதே மாதிரி, அதே சூட்டோடு. அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தெரியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.