நின்றால் மட்டும் வரும் புகை

அமரர் ஊர்தி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். மருத்துவமனை வாசலில் நிற்கும், வீட்டு வாசலில் நிற்கும், மயானத்துக்கு வெளியே நிற்கும். பின்னால் உள்ள குளிர்பெட்டிக்கு இன்ஜினிலிருந்துதான் மின்சாரம் என்பதால் அணைக்கவும் முடியாது. வெளியூரிலிருந்து வரவேண்டிய கடைசி ஆள் வந்து சேரும்வரை உறுமிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, எதிரே இருக்கும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

பேச்சு அவருக்கு ஒத்துவராத சமாச்சாரம். கேட்டால் பதில் சொல்வார், கேட்டதற்கு மட்டும். இந்த வேலைக்கு அது பொருந்திப்போயிற்று. இறந்தவர் யார், என்ன வயசு, எப்படி ஆச்சு என்று விசாரிக்கிற டிரைவரை யாருக்குப் பிடிக்கும்? மெக்கானிக் ஷெட்டுகளில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

போன வருஷம் அவர் மனைவி இறந்தபோதும் வண்டியை அவரேதான் ஓட்டினார். வண்டியை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் அம்மாள், "வேற ஆளைப் போடறேன், நீங்க பின்னால உட்காருங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. பின் பெஞ்சில் மனைவியின் தம்பி உட்கார்ந்து வழியெல்லாம் கதறிக்கொண்டு வந்தான். இவர் சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் கிளம்பி, வளைவில் வேகம் குறைத்து, எப்போதும்போல் ஓட்டினார். அதிலிருந்து எல்லாம் மரத்துப்போயிற்று. யாராவது அழுதால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. மகள் தட்டை வைத்தால் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்காப்பா?" என்றால் "ம்" என்பார். உப்பே போடாத அன்றைக்கும் "ம்" என்றார். அவள் அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த வண்டி இருக்கும்வரை பிழைப்பு இப்படியே ஓடிவிடும் என்று நினைத்திருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்போதுதான் புகை வந்தது.

ஓடும்போது இல்லை. நின்றால் மட்டும். வண்டி கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடினால் போதும், புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, கலையாமல், தரையோடு தவழ்ந்து வாசலுக்குள் போகும். ஒரு வீட்டில் கூடத்தில் கிடத்தியிருந்த பெரியவரின் முகமே தெரியாத அளவுக்குப் போயிற்று. மூத்த மகன் வெளியே ஓடி வந்தான்.

"யோவ், மனுஷனா நீ? வண்டிய நிறுத்துய்யா!"

"நிறுத்தினா பெட்டில குளிர் போயிடும். அவரை வெக்க முடியாது."

"எங்கப்பா மூஞ்சியக் கடைசியா ஒரு தடவ பார்க்க விடமாட்டியா?"

அவர் கியரைப் போட்டார். வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினார்.

புகார் செயலாளரிடம் போயிற்று. இரண்டு ஷெட்டுகளில் காட்டியாயிற்று. ஷெட்டுக்கு ஓட்டிப்போகும் ஓட்டத்திலேயே புகை நின்றுவிடும். "எங்கய்யா புகை? இல்லாத நோய்க்கு மருந்து கேக்கறியே" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் பார்க்காமலேயே, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்" என்றான். செயலாளர் அம்மாள் யோசித்தார். "இந்தப் பழைய வண்டிக்கு இன்ஜின் வேலையெல்லாம் பார்க்க டிரஸ்டால முடியாது. இந்த வாரத்துக்குள்ள புகை நிக்கலன்னா வண்டியைக் கழிச்சுடலாம். உங்களுக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு. வர்றவங்க கிட்டப் பேசி விவரம் வாங்கணும், அவ்வளவுதான்."

வர்றவங்க கிட்டப் பேசணும். அந்த நாற்காலியை நினைத்தபோது, வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு லேசாகப் பயம் என்று ஒன்று தட்டுப்பட்டது.

மிச்சமிருந்தது மைத்துனனின் ஷெட். நல்ல வேலைக்காரன். ஆனால் அக்காவை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து இந்த வண்டியின் பக்கமே அவன் வந்ததில்லை. ஷெட்டுக்குள் வண்டி நுழைவதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரோடு அப்படியே நின்றான். பிறகு, "வாங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

"நின்னா புகை வருது மாப்ளே. வெள்ளையா."

"ஓட்டிட்டு வந்தா எப்படித் தெரியும்? ஒரு வீட்டு வாசல்ல நிக்கற மாதிரியே இங்க நிக்கட்டும். பெட்டியையும் போட்டு விடுங்க."

முன்பு போன ஷெட்டுகளில் இதை யாரும் செய்யவில்லை. பிற்பகல் வெயிலில் வண்டி ஓடாமல் ஓடியது. மைத்துனன் பக்கத்தில் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்து புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல வெள்ளை கிளம்பிற்று. அவன் உள்ளங்கையைக் காட்டி முகர்ந்தான்.

"இது தண்ணி ஆவி இல்ல. ஆவின்னா ரெண்டு முழத்துல மறைஞ்சிடும். இது கலையாம சுவர் வரைக்கும் போகுது பாருங்க. ரேடியேட்டர் தண்ணி குறையுதா மாமா?"

"இல்ல."

"இன்ஜின் ஆயில்?"

"இல்ல."

கேஸ்கட் கசிகிறதா என்றறிய, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தான். மூன்று வழக்கம்போல் பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கழுவி வைத்தது மாதிரி வெளுத்திருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு அந்த பிளக்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று தேடினான். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரிலிருந்து இன்ஜினுக்கு வரும் ரப்பர் குழாய், சரியாக அங்கேதான் சேர்ந்தது. உருவி, கவிழ்த்தான். உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தவன், நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, பிரேக் ஆயில் ஊத்தறீங்களா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"தினமும் காலைல. கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஊத்திடுவேன்."

"தினமும்!" ஸ்பானரைத் தரையில் போட்டான். "எங்கயாவது ஒழுகுதா? சக்கரத்துல ஈரம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் அந்த ஆயில் எங்க போகுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? இந்த இன்ஜின்தான் குடிக்குது! பிரேக் ஆயிலைத் தள்ற மாஸ்டர் சிலிண்டரோட சீல் போய், பூஸ்டருக்குள்ள வடியுது. வண்டி நின்னு ஓடும்போது இன்ஜின் அதிகமா உறிஞ்சும், அதோட இதையும் சேர்த்து உறிஞ்சி எரிக்குது. ஓடும்போது உறிஞ்சறது குறைவு, அதான் புகையில்ல. சரியான கல்லுளிமங்கன் மாமா நீங்க. இதைச் சொல்றதுக்கு என்ன?"

"நீ தண்ணியும் இன்ஜின் ஆயிலும்தானே கேட்ட."

மைத்துனன் குனிந்து ஸ்பானரைப் பொறுக்கினான். "இன்னும் எதெதையெல்லாம் யாரும் கேக்கலன்னு உள்ள வெச்சிருக்கீங்களோ" என்றான் மெதுவாக.  அது கேள்வியா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. செயலாளர் அம்மாள்.

"மருத்துவமனைலேர்ந்து கூப்பிட்டாங்க. குடும்பம் மொத்தமும் கூட வர்றாங்க. உடனே போக முடியுமா?"

அவர் வண்டிக்குள் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் ஆழமாக இறங்கி, பிறகுதான் பிடித்தது. காலையிலும் இப்படித்தான் இறங்கிற்று. நேற்றும்கூட. காலுக்குத் தெரிந்திருந்தது, அது தலைக்கு ஏறி வரவில்லை. டப்பாவில் இன்னும் பிரேக் ஆயில் இருந்தது. ஊற்றினால் இன்றைக்குப் போய்விடலாம். நேற்றாக இருந்தால் போயிருப்பார். பின் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்காருவார்கள், ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து.

"போகாது மேடம்."

"இப்ப மறுத்தா வேற வண்டிதான் சொல்லணும். அப்படியே அவங்களையே வெச்சுக்கலாம்னு டிரஸ்ட்ல மத்தவங்க சொல்லுவாங்க. புரியுதுல்ல?"

"புரியுது. புகைக்காகச் சொல்லல. பிரேக் சரியில்ல. எனக்கு முன்னமே தெரிஞ்சிருக்கணும். வேற வண்டி சொல்லிடுங்க."

மறுமுனையில் அம்மாள் யாரிடமோ வேற வண்டிக்குச் சொல்லச் சொன்னார். பிறகு, "சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் வாங்கி மாட்டினார்கள். இரண்டு பேருமாக, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துக் குழாயிலிருந்து காற்றெடுத்து, நல்ல வெயிலேறிய பிறகுதான் முடிந்தது. ஸ்டார்ட் பண்ணினால், மறுபடியும் வெள்ளைப் புகை. அந்த நேரம்தான் செயலாளர் அம்மாள் ஷெட்டுக்குள் வந்து இறங்கினார். புகையைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது? அப்படியேதானே இருக்கு?"

மைத்துனன் பேச வாயெடுத்தான். அதற்குள் இவரே தொடங்கிவிட்டார்.

"இது பழசு மேடம். இத்தனை நாளா குடிச்ச ஆயில் குழாய்க்குள்ள தங்கியிருக்கு. எரிஞ்சு தீரணும். தீந்தா நின்னுடும். கொஞ்சம் உட்காருங்க."

"இவ்வளவு பேசுவீங்களா நீங்க?" என்றார் அம்மாள். ஆனாலும் உட்கார்ந்தார்.

மூவரும் காத்திருந்தார்கள். புகை உடனே நிற்கவில்லை. நடுவில் ஒரு தடவை இன்னும் கனத்துக்கூட வந்தது; மைத்துனன் நகத்தைக் கடித்தான். பிறகு நிறம் வெளிறியது, நூலாயிற்று, அப்புறம் பின்னாலிருந்த சுவரின் விரிசல்கள் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு மேலும் நெடுநேரம் ஓடவிட்டார்கள். சுவர் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது.

அம்மாள் எழுந்து மைத்துனனைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக் கேட்டார். "வண்டி போகுமா?"

அவர் பிரேக்கை மிதித்தார். மேலேயே கல்லாகப் பிடித்தது.

"போகும்."

"அப்போ ஒரு வீடு இருக்கு. இப்பவே."

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "பிரேக் எப்படியிருக்குன்னு பார்க்கணும்" என்றான், யாரும் கேட்காமலே.

அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றது. குளிர்பெட்டியை இயக்கிவிட்டு அவர் ஸ்டியரிங்கில் கைகளை வைத்தார். மைத்துனன் அடிக்கடி இறங்கிப்போய்ப் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றுமில்லை. உள்ளே ஒரு பெண் "அக்கா, அக்கா" என்று கத்தி அழத் தொடங்கினாள். மைத்துனன் இறங்குவதை நிறுத்தினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கிற்று.

இவர் தன் சீட்டுக்கடியிலிருந்து துண்டை எடுத்து உதறி, சுத்தமான பக்கத்தை மேலே வைத்து மடித்து அவனிடம் நீட்டினார். அவருக்கு அழுகை வரவில்லை. வருமா என்று கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தார். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கால் தானாகப் பிரேக்கின் மேல் போய், அழுத்தி, பிடிக்கிறது என்று அறிந்து, திரும்பி வந்தது.