ஊடு பக்கம் வெட்டிய தகடு

நீங்கள் பொய் சொல்கிறீர்கள். அந்தத் தகட்டைச் சாய்வாக வெட்டியது உங்கள் யோசனை இல்லை, உங்கள் தவறு. அந்தத் தவறுக்குள் இருந்த விடையை எடுத்தது நான்.

சேலத்தில் முதுநிலைப் பொறியியலில் நாம் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே ப்ராஜெக்ட். கண்ணாடி இழைகளை ஒரே திசையில் அடுக்கி, பிசின் ஊற்றித் தகடாக்கி, இழுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். எப்போது உடையும் என்பதற்குப் புத்தகத்தில் இரண்டு வகைக் கணக்கு இருந்தது. ஒன்று, இழுக்கும்போது தகட்டுக்குள் எழும் விசையை, அதாவது தகைவை, பிரித்துப் பார்க்கும்: இழை வாக்கில் வரும் தகைவு, குறுக்கே வரும் தகைவு, சறுக்குத் தகைவு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும். ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டினால்தான் உடையும் என்னும். மற்றது மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். தனித்தனியே எல்லைக்குள் இருந்தாலும் கூட்டாகத் தாக்கினால் உடையும் என்னும். தகட்டிலிருந்து பட்டையை இழைக்கு நேராகவோ குறுக்காகவோ வெட்டினால் இரண்டும் ஒரே விடைதான் தரும். நமக்கு அவ்வளவுதான் திட்டம்.

தகட்டைத் திருச்செங்கோட்டில் உங்கள் வீட்டு வாசலில் மேசை போட்டுச் செய்தோம். வெட்டும் நாளில் என்னால் வர முடியவில்லை. போனில் சொன்னேன்: “நேர் பட்டை போதுங்க. மிச்சத்த ஊடு பக்கமா வெட்டிருங்க.”

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்களுக்கு ஊடு என்றால், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்குக் குறுக்கே ஓடும் இழை. உங்களுக்கு ஊடு என்றால் வீடு. மேசை வீட்டுக்குக் கோணலாகக் கிடந்தது. நீங்கள் சுவரைப் பார்த்து ஸ்கேல் வைத்து வெட்டிவிட்டீர்கள்.

கல்லூரியில் இழுத்துப் பார்த்தால், அந்தப் பட்டைகள் குறுக்குப் பட்டை தாங்குவதைவிட அதிகம் தாங்கி, சாய்வாக உடைந்தன. தப்பாக வெட்டியது என்று குப்பையில் போடச் சொன்னார் வாத்தியார்.

“ஏங்க, நீங்கதான ஊட்டப் பாத்து வெட்டச் சொன்னீங்க?” என்றீர்கள்.

“எந்த ஊட்ட?”

“எங்க ஊட்டத்தாங்க. உங்க ஊட்டுக்கா கொண்டாந்து வெட்ட முடியும்?”

நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள். நான் குப்பைக்கூடையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோணமானி வைத்தேன். இருபது பாகைக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோணத்துக்கு இரண்டு கணக்கையும் போட்டேன். தனித்தனியாகப் பார்க்கும் கணக்கு சொன்ன சுமை வருமுன்பே எல்லாம் உடைந்திருந்தன. சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. எது நம்பத்தக்கது என்று அந்தச் சாய்வுதான் காட்டியது.

அந்தக் கணக்கை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் நீங்கள் ஒருவர்தான். நான் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பட்டியலில், மிஷின் ஓட்டியவருக்கு அடுத்து.

இப்போது நீங்கள் பேராசிரியர். நான் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் கல்லூரிக்கே சிறப்பு விருந்தினராக வந்தீர்கள். “அந்தக் கோணத்த ரொம்ப யோசிச்சுத் தேர்ந்தெடுத்தேன்” என்றீர்கள். கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த மாணவி, “மேடம், சார் உங்க செட்டாமே? நீங்க ஏன் இங்கயே இருந்துட்டீங்க?” என்று கேட்டாள்.

பொறாமை என்பார்கள். ஆமாம், பொறாமைதான். உங்கள் சால்வை, உங்கள் மேடை, பெயருக்கு முன்னால் போட்டிருக்கும் பட்டம், எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை. அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடாது.

எங்கள் கல்லூரிக்குத் திரும்பி வாருங்கள். அதே மாணவர்கள் முன்னால், மைக்கில் சொல்லுங்கள்: அந்தத் துண்டுகளின் கோணத்தை அளந்தது யார்?